இடப்பக்கப் புறக்கணிப்புக்குப் பிரிசம் கண்ணாடிப் பயிற்சி: தொடக்கம் முதல் முடிவு வரை

மூளையின் வலப்பாதியில் பக்கவாதமோ பலத்த அடியோ ஏற்பட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. கண் தெரிகிறது. ஆனாலும் தட்டின் இடப்பாதியில் பொரியல் அப்படியே கிடக்கிறது, சட்டையின் இடக்கை தொங்குகிறது, சக்கர நாற்காலி இடப்பக்கக் கதவுநிலையில் போய் இடிக்கிறது. இந்தப் புறக்கணிப்புக்கான பயிற்சிகளில் ஒன்றுதான் பிரிசம் கண்ணாடி, அதாவது ஒரு விளிம்பு தடித்தும் எதிர் விளிம்பு மெலிந்தும் இருக்கும் வில்லைகள் கொண்ட கண்ணாடி. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளாகவும் பிசியோதெரபிஸ்டுகளாகவும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்காகவும், அவர்களின் மேற்பார்வையில் வீட்டில் பயிற்சியைத் தொடரும் குடும்பத்தினருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கண்ணாடியை அணிந்திருப்பதால் பலன் வருவதில்லை. அணிந்து, தவறி, திருத்தி, கழற்றிய பிறகுதான் பலன் வருகிறது. கண்ணாடி காட்சியைச் சுமார் 10 பாகை வலப்பக்கம் தள்ளிக் காட்டும். அதை நம்பிக் கை நீளும்போது விரல் இலக்குக்கு வலப்பக்கம் போய் விழும். தவற்றைக் கண்ட மூளை, அடுத்தடுத்த முறை கையைச் சிறிது சிறிதாக இடப்பக்கம் இழுக்கும். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அந்த இழுப்பு சிறிது நேரம் நீடிப்பதால், கை இலக்குக்கு இடப்பக்கம் போகும். இதைப் பின்விலகல் என்று வைத்துக்கொள்வோம். கையோடு சேர்ந்து கவனமும் இடப்பக்கம் திரும்புகிறது என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

ஆகவே இது நாள் முழுவதும் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அல்ல. அமர்வுக்கு 15 முதல் 20 நிமிடம், அவ்வளவுதான். "அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு டி.வி. பார்க்கிறார், ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

1. புறக்கணிப்புதானா என்று முதலில் பாருங்கள்

பார்வைப் புலத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியும் பரப்பில், இடப்பாதியை இழந்தவரும் இடப்பக்கம் இடிப்பார், இடப்பக்க உணவை விட்டுவைப்பார். ஆனால் தனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்பதை அவர் சில நாட்களில் உணர்ந்து, தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவர் திரும்ப மாட்டார். திரும்ப வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. பார்வைப் புல இழப்புக்கும் வில்லையில் ஒட்டும் பிரிசம் உண்டு. அது அன்றாடம் அணிவதற்கானது, இதிலிருந்து முற்றிலும் வேறானது. இரண்டும் ஒரே நபருக்கு இருக்கலாம் என்பதால் கண் மருத்துவரின் புலப் பரிசோதனை அறிக்கை கையில் இருப்பது நல்லது.

காகிதத் தேர்வுகள் இரண்டு மூன்றாவது வேண்டும். நட்சத்திரங்களைக் கோடிட்டு அடிக்கும் தாளில் 54 சிறிய நட்சத்திரங்கள் எண்ணப்படும்; 51 அல்லது அதற்குக் கீழே போனால் புறக்கணிப்பைச் சந்தேகிக்கிறோம். மணி வட்டமிடும் தாளில் 35 மணிகள். நீளமான கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால், புறக்கணிப்பு உள்ளவர் நடுவுக்கு வலப்பக்கம் நகர்ந்து குறிப்பார். எத்தனை விட்டார் என்பதோடு, எந்தப் பக்கம் விட்டார் என்பதையும் எழுதுங்கள். தாள் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டிருந்தால் அது பொதுவான கவனக் குறைவாக இருக்கலாம். அதற்குப் பிரிசம் உதவாது.

காகிதத்தில் தேறியவர் குளியலறையில் தவறலாம். அதனால் கேத்தரின் பெர்ஜெகோ அளவையையும் சேர்த்துக்கொள்கிறேன். முகம் கழுவுவது, உடுத்துவது, சாப்பிடுவது, வழி கண்டுபிடிப்பது என 10 அன்றாடச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. மதிப்பெண் கூடினால் புறக்கணிப்பு கடுமை. வீட்டார் கவலைப்படுவது இந்தப் பத்துச் செயல்களைப் பற்றித்தானே தவிர, நட்சத்திரத் தாளைப் பற்றி அல்ல.

2. யாருக்குத் தொடங்கக் கூடாது

20 நிமிடம் சாய்ந்தாவது உட்கார முடியாதவர், "இதைத் தொடுங்கள்" என்ற எளிய சொல்லைப் பின்பற்ற முடியாதவர், இரட்டைப் பார்வையோ கடும் தலைச்சுற்றலோ உள்ளவர்: இவர்களுக்கு இப்போது வேண்டாம். பிழையைக் கண்டு கையைத் திருத்தும் வேலையில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அங்கேயும் சேதம் இருந்தால் கை பழகாமலேயே போகலாம். அண்மையில் வலிப்பு வந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இந்த வழிகாட்டி இடப்பக்கப் புறக்கணிப்புக்கு மட்டுமே. வலப்பக்கப் புறக்கணிப்புக்குத் திசைகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்தான்; ஆனால் அதற்கான ஆய்வுகள் மிகக் குறைவு.

3. கண்ணாடி செய்யக் கொடுப்பது

தடுமாற்றம் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். கண்ணாடிக் கடையில் கேட்க வேண்டியது: இரு வில்லைகளிலும் 20 பிரிசம் டயாப்டர், இரண்டிலும் தடித்த விளிம்பு நோயாளியின் இடப்பக்கம். ஒரு பிரிசம் டயாப்டர் என்பது 1 மீட்டர் தூரத்தில் 1 செ.மீ. நகர்த்துவது. ஆக 20 டயாப்டர் 1 மீட்டரில் 20 செ.மீ. நகர்த்தும், பாகைக் கணக்கில் 11-க்குச் சற்று மேல். வில்லை வழியே தெரியும் பொருள் மெல்லிய விளிம்பின் பக்கம் நகர்ந்து தெரியும். அதனால்தான் தடித்த விளிம்பு இடப்பக்கம் இருந்தால் காட்சி வலப்பக்கம் போகிறது.

கடைக்காரர் வழக்கமாகப் பிரிசம் செய்து கொடுப்பது மாறுகண்ணுக்கு. அதில் இரு வில்லைகளின் தடித்த விளிம்பும் காதுப் பக்கம் இருக்கும், அல்லது இரண்டும் மூக்குப் பக்கம் இருக்கும். நீங்கள் திசையைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர் கை பழக்கத்தில் அப்படியே செய்துவிடுவார். அதை அணிந்தால் இரட்டைப் பார்வைதான் மிஞ்சும். நமக்கு வேண்டியதில், இடக்கண் வில்லையின் தடித்த விளிம்பு இடக்காதுப் பக்கமும், வலக்கண் வில்லையின் தடித்த விளிம்பு மூக்குப் பக்கமும் இருக்க வேண்டும். படமாக வரைந்து, இடம் வலம் எழுதிக் கொடுங்கள்.

சட்டம் பெரிதாக இருந்தால் வில்லையின் விளிம்பு தாங்க முடியாத தடிமனுக்குப் போகும். சாதாரணக் கண்ணாடிப் பொருளில் 50 மி.மீ. அகல வில்லைக்கு இரு விளிம்புகளுக்கும் இடையே 20 மி.மீ. வித்தியாசம் வரும். சிறிய வட்ட வில்லை போதும். பக்கவாட்டை மூடும் வட்டமான வெல்டிங் கண்ணாடிச் சட்டம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஓரமாகக் கண்ணைச் சாய்த்து வெளியே பார்க்கும் வழியும் அடைபடுகிறது. ஓரம் திறந்திருந்தால் நோயாளி அந்த இடுக்கு வழியே கையைப் பார்த்துவிடுவார், அப்புறம் பிழையே நேராது. வில்லையின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பிரிசம் தாள் எடை குறைவு. ஆனால் இந்தச் சக்தியில் காட்சி மங்கலாகும். முதியவர்களுக்கு அதைத் தவிர்ப்பேன்.

கண்ணாடி வந்ததும் நீங்களே அணிந்து பாருங்கள். எதிரே கதவின் நிலைச்சட்டம் தெரியட்டும். கண்ணாடியைச் சற்று இறக்கினால் மேலே வெறும் கண்ணில் ஒரு கோடு, கீழே வில்லை வழியே ஒரு கோடு தெரியும். கீழ்க்கோடு வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. இரண்டிலும் ஒரே திசை, ஏறத்தாழ ஒரே அளவு. இது சரியாக இல்லாமல் நோயாளியிடம் கொண்டுபோகாதீர்கள்.

4. பெட்டியும் அளவுகோலும்

கையின் பயணத்தை மறைத்து, கடைசியில் விரல்நுனியை மட்டும் காட்டும் ஒரு பெட்டி வேண்டும். மரப்பெட்டி செய்தால் நல்லது. தடித்த அட்டைப்பெட்டியும் போதும். சுமார் 75 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். நோயாளியின் பக்கமும் உங்கள் பக்கமும் திறந்திருக்க வேண்டும். நோயாளி கையைப் பெட்டிக்குள் நீட்டுவார். விரல்நுனி உங்கள் பக்க விளிம்பில் வெளியே வரும்.

உங்கள் பக்க விளிம்பு நோயாளியின் கண்ணிலிருந்து கிடைமட்டமாக 57 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி அமையுங்கள். அந்தத் தூரத்தில் 1 செ.மீ. ஏறத்தாழ 1 பாகை. சாதாரணத் தையல் டேப்பை உங்கள் பக்கம் ஒட்டினாலே பாகைமானி ஆகிவிடும். நடுவில் 0, இருபுறமும் 25 வரை. கை எட்டாத குள்ளமானவர் என்றால் பெட்டியை நெருக்கிக்கொள்ளுங்கள். அப்போது செ.மீ. கணக்கு பாகையோடு ஒத்துப்போகாது. தினமும் அதே தூரம் வைத்தால் போதும்.

டேப்பில் "இ", "வ" என்று நோயாளியின் பார்வையில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் எதிரே உட்காருவதால் அவருடைய இடப்பக்கம் உங்களுக்கு வலப்பக்கம். புதியவர்களின் நோட்டில் பாதி நாள் விலகல் ஒரு திசையிலும் பாதி நாள் எதிர்த் திசையிலும் இருப்பதற்குக் காரணம் நோயாளி அல்ல, இதுதான்.

பெட்டியின் மேற்பலகையோடு, உங்கள் பக்கமாக 15 செ.மீ. நீட்டக்கூடிய ஓர் அட்டை மடிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பை நீட்டினால் விரல்நுனியும் நோயாளிக்குத் தெரியாது. அளவெடுக்கும்போது நீட்ட வேண்டும், பயிற்சியின்போது மடக்க வேண்டும். இலக்காக ஒரு சிவப்புப் பேனா மூடி போதும்.

5. உட்கார வைப்பது

புறக்கணிப்பு உள்ளவரின் தலையும் உடலும் தாமாகவே வலப்பக்கம் திரும்பியிருக்கும். அதே நிலையில் தொடங்கினால் நீங்கள் அளக்கும் நடு, அவருடைய நடுவாக இருக்காது. சாய்மானமுள்ள நாற்காலி, தரையில் பதிந்த இரு பாதங்கள், இடக்கைக்குக் கீழே தலையணை. மூக்கு, மார்பெலும்பு, டேப்பின் 0 மூன்றும் ஒரே கோட்டில். தலை நழுவினால் பின்னால் ஒருவர் நின்று இரு கைகளாலும் மென்மையாகப் பிடித்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சி முடித்துக் களைத்த நேரமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரமும் வேண்டாம். காலைக் காபிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிறது.

6. கண்ணாடி இல்லாமல் முதல் அளவு

இதைத் தவிர்த்துவிட்டு நேரே கண்ணாடிக்குப் போகிறவர்கள் உண்டு. தவிர்த்தால், கழற்றிய பிறகு கை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல ஒப்பீடே இருக்காது.

கண்ணை மூடச் சொல்லி, "உங்கள் மூக்குக்கு நேரே கையை நீட்டுங்கள்" என்று கேளுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, மடிப்பை நீட்டி, நடுவில் இலக்கைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். இரண்டையும் பத்துப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் விரல் நின்ற இடத்தை டேப்பில் பார்த்து எழுதி, சராசரி எடுங்கள். சரியா தவறா என்று எதுவும் சொல்லாதீர்கள். "பரவாயில்லை" என்று ஆறுதலாகச் சொல்வதுகூட அவருக்கு ஒரு தகவல்தான்.

7. கண்ணாடி அணிவிப்பது

அவர் கை மார்பில் இருக்கட்டும், கண் மூடியிருக்கட்டும். அணிவித்த பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த நொடியிலிருந்து அவர் தம் கையைப் பெட்டிக்கு வெளியே பார்க்கக் கூடாது. மடியில் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள்.

கண்ணாடி என்ன செய்யும் என்று முன்கூட்டியே விளக்க வேண்டாம். "எல்லாம் வலப்பக்கம் தள்ளித் தெரியும்" என்று சொல்லிவிட்டால், அவர் மனக்கணக்குப் போட்டு வேண்டுமென்றே இடப்பக்கம் குறி வைப்பார். அது அறிந்து செய்யும் திருத்தம்; கண்ணாடியைக் கழற்றியதும் அவர் கணக்கை மாற்றிக்கொள்வார், எதுவும் மிஞ்சாது. அறியாமல் நடக்கும் திருத்தம்தான் மிஞ்சும். "இந்தக் கண்ணாடியோடு இலக்கைத் தொட்டுப் பழகப் போகிறோம், லேசாகத் தலை சுற்றினால் சொல்லுங்கள்" என்ற அளவு போதும். விளக்கம் கேட்டால் பயிற்சி முடிந்தபின் தாராளமாகச் சொல்லலாம்.

8. தொண்ணூறு முறை தொடுவது

மடிப்பை மடக்குங்கள். நடுவிலும், 10 பாகை இடப்பக்கத்திலும், 10 பாகை வலப்பக்கத்திலும் இலக்கை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். அவர் எதிர்பார்க்காத வரிசையில் வரட்டும். பழகிய பிறகு 20 பாகை வரை அகற்றலாம். 1998-இல் பிரான்சின் லியோனிலிருந்து வந்த முதல் ஆய்வில் 50 முறை தொடச் செய்தார்கள். பின்னர் வந்த இத்தாலிய முறையில் 90. நான் தொண்ணூறை வைத்துக்கொள்கிறேன். களைத்துப்போகிறவருக்கு அறுபதோடு நிறுத்தலாம். ஆனால் இருபது முப்பதில் "நன்றாகத் தொட்டுவிட்டார்" என்று முடித்துவிடாதீர்கள். தொடத் தெரிந்த பிறகு வரும் தொடுகைகள்தான் திருத்தத்தை ஊன்ற வைக்கின்றன.

ஒவ்வொரு முறையும் கை மார்பெலும்பிலிருந்து கிளம்ப வேண்டும், தொட்டதும் அங்கேயே திரும்ப வேண்டும். விளிம்பிலேயே கை தங்கினால், அடுத்த இலக்குக்கு விரலைப் பக்கவாட்டில் நகர்த்திச் சென்றுவிடுவார். அதில் குறி தவறவே வாய்ப்பில்லை.

வேகம் முக்கியம். ஒரு நொடியில் சட்டென்று போய்த் தொட வேண்டும். மெதுவாக நீட்டினால் விரல்நுனி விளிம்பில் தெரிந்தவுடன் ஊர்ந்து ஊர்ந்து இலக்கைச் சேர்ந்துவிடும். பார்ப்பவருக்கு அழகாகத் தெரியும், மூளைக்கோ வேலை எதுவும் இல்லை. கையின் முழுப் பயணமும் தெரிந்தாலும் இதே கதைதான். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்விலும் விரல்நுனி மட்டும் தெரியும் முறைக்கே மேலான பலன் கிடைத்தது.

என்ன நடக்கும் என்று பார்ப்போம். முதல் முறை விரல் இலக்குக்கு வலப்பக்கம், சில வேளை அரைச் சாண் தள்ளிக்கூட, வெளியே வரும். அவர் விரலைப் பார்ப்பார், இலக்கைப் பார்ப்பார், புருவம் சுருங்கும். மூன்றாவது நான்காவது முறைக்குள் இடைவெளி பாதியாகும். பத்துப் பதினைந்துக்குள் பெரும்பாலோர் தொட்டுவிடுவார்கள். முதல் தொடுகையிலேயே விரல் இலக்கிலோ அதற்கு இடப்பக்கமோ விழுந்தால் மகிழாதீர்கள்: ஓர இடுக்கு வழியே பார்க்கிறாரா, கை மெதுவாகப் போகிறதா, கண்ணாடி தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினால் காட்சி இடப்பக்கம் நகரும். பயிற்சி முழுவதும் எதிர்த் திசையில் போய்விடும். சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு நெயில்பாலிஷ் பொட்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

குடும்பத்தினர் அருகில் இருந்தால் தவறாமல் நடப்பது ஒன்று. விரல் தள்ளிப் போனதும் மகளோ மகனோ, "அங்கே இல்லை அப்பா, இந்தப் பக்கம்" என்று சொல்லிவிடுவார்கள். சிலர் கையைப் பிடித்தே கொண்டுபோய் வைப்பார்கள். அன்பினால்தான். ஆனால் தாமே கண்டு திருத்திய பிழைதான் உள்ளே பதியும். அவர்களை அறையிலிருந்து அனுப்ப வேண்டியதில்லை. எண்ணிக்கையைக் குறிக்கும் வேலையைக் கொடுங்கள், வாய் ஓய்ந்துவிடும்.

இடப்பக்க இலக்கை அவர் கண்டுபிடிக்கவே இல்லை என்றால், இலக்கை நடுவிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு போங்கள், அல்லது பேனாவால் லேசாகத் தட்டி ஓசை எழுப்புங்கள். இலக்கைக் காண உதவலாம், தொட உதவக் கூடாது.

இடைவேளை தேவைப்பட்டால் கண்ணாடியைக் கழற்றாமல், கண்ணை மூடி, கையை மார்பில் வைத்து ஓய்வெடுக்கட்டும். நடுவில் கண்ணாடியைக் கழற்றி முகம் துடைத்துத் தண்ணீர் குடித்தால், கையைப் பார்த்துப் பார்த்தே மூளை பழைய கணக்குக்குத் திரும்பிவிடும்.

9. கழற்றுவதும் உடனே அளப்பதும்

கை மார்பில், கண் மூடி, கண்ணாடியை நீங்கள் கழற்றுங்கள். அவர் தாமே கையை உயர்த்திக் கழற்ற விடாதீர்கள். மடிப்பை நீட்டிவிட்டு, 6-ஆவது படியில் செய்த இரு அளவுகளையும் அதே வரிசையில் திரும்ப எடுங்கள். பேச்சு, கண்ணைக் கசக்குவது, தண்ணீர் எல்லாம் பிறகு.

இப்போது விரல் முன்னைவிட இடப்பக்கம் நிற்க வேண்டும். 4 செ.மீ. அளவுக்கு நகர்ந்தால் அமர்வு நன்றாக நடந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் அடுத்த அமர்வுக்கு முன் வேகம், மறைப்பு, எண்ணிக்கை மூன்றையும் சரிபார்க்கிறேன். முதலில் ஒரேயடியாக வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தவர் இப்போது நடுவுக்கு வந்திருந்தாலும் அது நகர்வுதான். எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு.

அளந்து முடிந்தவுடன் சூடான காபி டம்ளரைக் கொடுத்துவிடாதீர்கள். கை இன்னும் இடப்பக்கம் பிசகிக்கொண்டிருக்கும். தனியாக நடக்கவும் விடாதீர்கள். சில நிமிடங்களில் இந்தப் பிசகு தேய்ந்துவிடும்.

10. அடுத்த ஒரு மணி நேரம்

அமர்வு முடிந்ததும் படுக்கையில் சாய்த்துவிட்டால் பாதி பலன் வீண் என்பது என் கருத்து. கைப் பிசகு தேய்ந்த பிறகும் கவனத்தின் மாற்றம் நீடிக்கிறது. லியோன் ஆய்விலேயே 2 மணி நேரம் கழித்தும் அது இருந்தது. அந்த நேரத்தில் இடப்பக்கத்தைத் தேட வைக்கும் வேலையைக் கொடுங்கள்.

சாப்பாடு நல்ல வாய்ப்பு. இலை போட்டுப் பரிமாறினால் உப்பும் ஊறுகாயும் இலையின் இடது ஓரத்தில்தான் இருக்கும். "ஊறுகாய் வைக்கவில்லையா?" என்று கேட்டவர், தாமே விரலை இடப்பக்கம் நகர்த்தித் தேடி எடுக்கும் வரை பொறுத்திருங்கள். எடுத்து வலப்பக்கம் நகர்த்தி வைப்பது கருணையாகத் தோன்றும். ஆனால் அந்தக் கருணை புறக்கணிப்பை வளர்க்கும்.

செய்தித்தாளும் நன்று. தலைப்பை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "திருநெல்வேலி" என்பதை "நெல்வேலி" என்று படித்துவிட்டு, அதில் குறை இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது. தாளின் இடது விளிம்பில் தடித்த சிவப்புக் கோடு ஒன்றை வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். சட்டை போடுவதில் இடக்கையிலிருந்து தொடங்குவது, சக்கர நாற்காலியில் இடப்பக்கக் கதவுக்குள் திரும்புவது ஆகியவற்றையும் இந்த மணி நேரத்தில் செய்யுங்கள்.

11. எத்தனை நாள்

வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வாரம், குறைந்தது 10 அமர்வுகள். 2002-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் நாளுக்கு இரண்டு அமர்வு வீதம் இரண்டு வாரம் செய்தார்கள். முடிந்து 5 வாரங்களுக்குப் பிறகும் முன்னேற்றம் இருந்தது. மருத்துவமனையில் தங்கியிருப்பவருக்கு நாளுக்கு இரண்டு முறை முடியும். வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வருபவருக்கு ஒன்றே போதும். விட்டு விட்டு வாரம் ஒரு முறை செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, முன் அளவு, தொடுகைகளின் எண்ணிக்கை, பின் அளவு, அன்று செய்த வேலை. வேறு எதுவும் வேண்டாம். பத்திகள் கூடினால் மூன்றாம் நாளே எழுதுவது நின்றுவிடும்.

12. தொடர்வதா, நிறுத்துவதா

1-ஆம் படியில் எடுத்த தேர்வுகளைக் கடைசி அமர்வுக்கு மறுநாள் திரும்ப எடுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. கடைசி அமர்வு முடிந்த கையோடு எடுக்காதீர்கள். அப்போது கிடைக்கும் எண் அன்றைய பின்விலகலின் எண்ணாக இருக்கும்.

குடும்பத்தினரிடம் பெரிய வாக்குறுதி கொடுக்க வேண்டாம். இந்தப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனில் 2010-இல் வெளிவந்த ஆய்வில் 6 பாகைக் கண்ணாடி பயன்படுத்தியும் அன்றாடச் செயல்களில் பலன் தெரியவில்லை. கண்ணாடியின் சக்தி போதவில்லை என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் 2017-இல் நெதர்லாந்தில் 10 பாகையோடு இரண்டு வாரம் செய்தபோதும், காட்சியை நகர்த்தாத பொய்க் கண்ணாடி அணிந்தவர்களைவிட மேலான முன்னேற்றம் வரவில்லை. இரு குழுக்களுமே தாமாகத் தேறின. பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் எதைச் செய்தாலும் முன்னேற்றம் தெரிவதால், புகழைக் கண்ணாடிக்கே கொடுத்துவிடக் கூடாது.

அப்படியானால் ஏன் செய்கிறேன்? செலவு குறைவு, ஆபத்து குறைவு, நோயாளி தம் குறையை உணர்ந்து முயலாவிட்டாலும் நடக்கக்கூடிய பயிற்சி. "இடப்பக்கம் பாருங்கள்" என்று நாள் முழுவதும் நினைவூட்டும் முறை, தமக்குக் குறை ஒன்றுமில்லை என்று நம்புகிறவரிடம் எடுபடாது. இதில் அவர் நம்ப வேண்டியதில்லை, தொட்டால் போதும்.

10 அமர்வு முடிந்தும் பெர்ஜெகோ மதிப்பெண் அசையவில்லை என்றால் நோட்டைப் பாருங்கள். பின்விலகலே வராமல் இருந்திருந்தால் முறையில் கோளாறு. திருத்திக்கொண்டு இன்னொரு சுற்றுச் செய்யலாம். பின்விலகல் நன்றாக வந்தும் சாப்பாட்டிலும் உடுத்துவதிலும் மாற்றமில்லை என்றால், இவருக்கு இது பொருந்தவில்லை. கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, கண்ணால் தேடும் பயிற்சிக்கும் இடக்கையை அசைக்கும் பயிற்சிக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

எந்த அமர்விலும் புதிதாக முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கடும் தலைவலி வந்தாலோ அது கண்ணாடியின் விளைவு அல்ல. பயிற்சியை அங்கேயே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.